இதய அறுவை மருத்துவராக ஆசைப்படும் மகள்: பிளஸ் ஒன் வாசலில் எதைத் தீர்மானிப்பது?

கேள்வி: முசிறி அருகே ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்து பிழைக்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 500-க்கு 462 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனாருக்குத் திருச்சியில் பைபாஸ் அறுவை நடந்தது. அன்றிலிருந்து, "நான் இதய ஆபரேஷன் செய்கிற டாக்டராகத்தான் ஆவேன்" என்கிறாள். நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் சேர்த்தால்தான் நீட் தேறும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அதற்கு இருக்கிற நகையை அடகு வைக்க வேண்டும். எந்தக் குரூப் எடுப்பது? எத்தனை வருடம் படிக்க வேண்டும்? இயற்பியல் என்றால் அவளுக்குப் பயம். கைத்தையல் நன்றாகப் போடுவாள், அது உதவுமா? பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், பள்ளி திறப்பதற்குள் பதில் தெரிந்தாக வேண்டியவை இரண்டுதான்: எந்தப் பள்ளி, எந்தக் குரூப். மற்றவற்றுக்கு உங்கள் மகளுக்குப் போதிய காலம் இருக்கிறது. நகையை அடகு வைக்கும் பேச்சு எழுந்திருப்பதால் பள்ளியைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாநில ஒதுக்கீட்டுக்கு வரும் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவர்களுக்கென்று உள் ஒதுக்கீடாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால்கூட, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மகள் ஐந்து ஆண்டுகளை அரசுப் பள்ளியில் முடித்துவிட்டாள். இன்னும் இரண்டே ஆண்டுகள்தான் மீதி. பதினொன்றாம் வகுப்புக்கு அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிய அன்றே இந்த உரிமை அவள் கையை விட்டுப் போய்விடும்; பிறகு அரசுப் பள்ளிக்குத் திரும்பி வந்தாலும் அது திரும்பி வராது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினாலும் இதே கதைதான். உறவினர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய நிலவரம் அவர்கள் மனத்தில் இருக்கலாம். ஆனால் கட்டணமில்லாமல் மருத்துவம் படிக்க வைத்திருக்கும் ஒரு வழியை அடைத்துவிட்டு, அதற்காக வட்டியும் கட்டுவது எந்தக் கணக்கிலும் சரியாக வராது. இந்த ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் பலருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். முதலாம் ஆண்டில் திணறுகிறார்கள் என்பது உண்மை. மூன்றாம் ஆண்டில் அவர்களையும் மற்றவர்களையும் பிரித்துப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

ஆகவே அவள் இருக்கிற பள்ளியிலேயே, அல்லது அறிவியல் பிரிவு நன்றாக நடக்கிற பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படும் இலவச நீட் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். வெளியே பயிற்சி வேண்டுமென்றால், பிளஸ் டூ முடித்த பிறகு ஓர் ஆண்டு அதற்கென்று ஒதுக்கலாம். இன்று சேர்கிறவர்களில் இரண்டாம் முறை எழுதித் தேறியவர்கள் ஏராளம். நீட் எழுதுவதற்கு இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடு இல்லை, மேல் வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. நகை அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்.

குரூப் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்க வேண்டும். நான்காவதாகக் கணிதம் எடுப்பதா, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் பிரிவில் சேர்வதா என்பதுதான் கேள்வி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருந்தால் கணிதத்தோடு கூடிய உயிரியல் பிரிவையே எடுக்கச் சொல்வேன். வேறு படிப்புகளுக்கான கதவும் திறந்திருக்கும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். என் காரணம் வேறு. கணக்கை விட்ட பிள்ளைகள் இயற்பியலையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இயற்பியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அந்தப் பயத்தை இப்போதே கவனிக்காவிட்டால் அது இரண்டு இடங்களில் அவளை மறிக்கும். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். அதில் பாதி உயிரியலுக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. உயிரியலை மட்டும் நம்பி எழுதுகிற பிள்ளை 360-க்குத்தான் தேர்வு எழுதுகிறது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறைவதால், தெரியாத இயற்பியல் கணக்குகளில் குருட்டாம்போக்காகக் குறித்து, உயிரியலில் பாடுபட்டுச் சேர்த்ததையும் இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது இடம் என் துறையான இதய அறுவையே. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், குழாயில் திரவம் ஓடுவதைப் பற்றி ஒரு பாடம் வரும். ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்று அதில் ஒரு சமன்பாடு இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகும் என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். உங்கள் தகப்பனாரின் இதயத் தமனியில் படிந்த கொழுப்பு அந்தக் குழாயின் ஆரத்தைக் குறைத்தது. அவ்வளவு சிறிய அடைப்புக்கா நாலு படி ஏறினால் நெஞ்சை அடைத்தது என்று நீங்கள் அன்று கேட்டிருந்தால், பதில் அந்த நான்காம் மடியில் இருக்கிறது. அவருக்கு எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் சிவப்பும் நீலமுமாக ஓடியிருக்குமே, அது இரத்தம் பாயும் வேகத்தை அளந்து வண்ணமாகக் காட்டியது. அலைகள் பாடத்தில் வரும் டாப்ளர் விளைவுதான் அதற்கு அடிப்படை. அறுவையின்போது இதயத்தை நிறுத்தி வைக்கப் பொட்டாசியம் மிகுந்த கரைசலைத்தான் செலுத்துகிறோம், அது வேதியியல். அறுவைக்குப் பின் அதே பொட்டாசியம் இரத்தத்தில் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ துடிப்பு தடுமாறும் என்பதால், முதல் இரவில் ஐசியு டியூட்டியில் இருக்கும் பட்டமேற்படிப்பு மாணவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். தாத்தாவின் நோயைப் புரிந்துகொள்ள உதவுகிற பாடம் என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்குத் தினமும் பத்துக் கணக்குகள் போட்டே ஆக வேண்டும், அதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது.

இனி ஆண்டுக் கணக்கு. பிளஸ் டூ முடித்து, பதினேழு வயது நிறைவடைந்து, நீட் வழியாக எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் பட்டமேற்படிப்புக்கான நீட் தேர்வு எழுதி, எம்.எஸ். பொது அறுவை மூன்று ஆண்டுகள். பிறகு உயர்சிறப்புப் படிப்புக்கென்று இன்னொரு நீட் எழுதி, எம்.சிஎச். இதய, நெஞ்சக, இரத்தநாள அறுவை இன்னும் மூன்று ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை வருகிறது. ஆனால் தேர்வுக்குப் படிக்கிற இடைவெளிகளையும், அரசு ஒப்பந்தப்படி பணியாற்ற வேண்டிய காலத்தையும் சேர்த்தால் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. பொது அறுவையைத் தனியாகப் படிக்காமல், எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் தேசியத் தேர்வு வாரியத்தின் ஆறாண்டு டிஆர்.என்.பி. பயிற்சியில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது; சேரும்போதே மனம் உறுதியாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும். எந்த வழியில் போனாலும், படிப்பு முடித்த மறுநாளே தனியாக ஒரு பைபாஸ் செய்துவிட முடியாது. மூத்த அறுவை மருத்துவர் ஒருவரின் கீழ் இன்னும் சில ஆண்டுகள் நின்ற பிறகுதான் நோயாளியின் நெஞ்சைத் திறக்கும் முடிவையும் மூடும் முடிவையும் ஒருவர் தானே எடுக்கத் தொடங்குகிறார். அதாவது உங்கள் மகள் நீங்கள் நினைக்கிற அந்த டாக்டராக ஆகும்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மலைத்துப்போக வேண்டாம். இந்த ஆண்டுகள் முழுவதும் நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆண்டுகள் அல்ல. ஹவுஸ் சர்ஜனாக ஆன மாதத்திலிருந்தே உதவித்தொகை வரும், எம்.எஸ். காலத்திலும் எம்.சிஎச். காலத்திலும் அது கூடும். சொந்தச் செலவைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். என் தோழிகள் சிலர் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்ததே அந்தப் பணத்தில்தான்.

இன்னொரு விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. நீட் என்றதும் போட்டி, போட்டி என்றே கேட்டுப் பழகிய உங்களுக்கு இது வியப்பாக இருக்கும்: கடைசிப் படியான எம்.சிஎச். இதய அறுவை இடங்களில் பல, அண்மை ஆண்டுகளில் கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்த பிறகும் ஆள் சேராமல் காலியாகவே கிடக்கின்றன. பயிற்சி நீண்டது, உடலை வாட்டுவது, வெளியே வந்தாலும் ஒருவராக மருத்துவமனை தொடங்க முடியாது. இதய-நுரையீரல் இயந்திரம், அதை இயக்கத் தெரிந்தவர், இதய மயக்கவியல் மருத்துவர், தனி ஐசியு என்று ஒரு படையே வேண்டும். அடைப்புகளில் பலவற்றை இன்று தமனிக்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தே சரிசெய்துவிடுவதால் பைபாஸ் தேவைப்படுகிறவர்கள் குறைவார்கள் என்ற கணிப்பும் இளம் மருத்துவர்களைத் தயங்க வைக்கிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடையிலுள்ள இரத்தநாளம் வழியாகவே பெருந்தமனி வால்வைப் பொருத்தும் முறையை 2002-இல் பிரான்சில் ஓர் இதய மருத்துவர் செய்து காட்டினார். இன்று அது சென்னையிலும் நடக்கிறது. இப்படி வேலையின் உருவம் மாறிக்கொண்டே வருகிறது. ஆனாலும் பிறவியிலேயே இதயத்தில் குறையுள்ள குழந்தைகளும், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும், மூன்று தமனிகளும் அடைத்த சர்க்கரை நோயாளிகளும் நம் வார்டுகளில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைகள் தேவைப்படும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் விரும்புவது உண்மையில் எதை என்று அவளே இன்னும் பார்த்ததில்லை. தாத்தாவுக்கு ஆஞ்சியோ செய்து, படத்தைக் காட்டி, அடைப்பு எங்கே என்று விளக்கியவர் இதய மருத்துவர். அவர் பொது மருத்துவத்தில் எம்.டி.யும் பின் இதயவியலில் டி.எம்.மும் முடித்தவர், கத்தி பிடிப்பவர் அல்லர். நெஞ்சைத் திறந்தவர் வேறொருவர். அறுவை நடந்த நேரத்தில் இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் பார்த்திருந்தால், அதை இயக்கிய பெர்ஃப்யூஷனிஸ்ட் மூன்றாமவர்; அதற்கென்று பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. (அந்தப் படிப்பு மதிப்புள்ள தொழிலைத் தரும், ஆனால் அதிலிருந்து அறுவை மருத்துவராக ஆக வழியில்லை. "அதையே படித்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இவர்கள் எல்லோருடைய வேலையையும் அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். குழந்தை மருத்துவத்திலோ மயக்கவியலிலோ மனம் ஒன்றிப்போனால் அதைத் தோல்வியாக நீங்களும் எண்ண வேண்டாம், அவளும் எண்ண வேண்டாம். இதய அறுவைதான் என்று அவள் உறுதி செய்ய வேண்டிய காலம் எம்.எஸ். படிக்கும்போதுதான் வரும். அதுவரை நல்ல மருத்துவ மாணவியாக ஆவதற்கு மட்டும் தயாரானால் போதும்.

கைத்தையலைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி. என் அம்மாவும் பாவாடைக்கு ஓரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்; அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு உதவியது என்று கேட்டால், கொஞ்சம் உதவியது, கொஞ்சம் இடைஞ்சலாகவும் இருந்தது. துணியில் நேரான ஊசியை விரலால் தள்ளுகிறோம். அறுவையில் ஊசி பிறை போல வளைந்திருக்கும். அதை விரல் தொடாது, நீடில் ஹோல்டர் என்ற கருவியால் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி, ஊசியின் வளைவு போகிற வழியிலேயே அதைப் போகவிட வேண்டும். தள்ளினால் தமனிச் சுவர் கிழியும். இதயத் தமனியின் உள்விட்டம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்; அதில் ஒட்டுநாளத்தை இணைக்கப் பயன்படும் நூல் தலைமுடி அளவுதான் இருக்கும், லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் போடுவோம்.

எம்.சிஎச். சேர்ந்த முதல் ஆறு மாதம் நான் நெஞ்சின் பக்கமே நிற்கவில்லை. நோயாளியின் காலடியில் நின்றேன். பைபாஸுக்கு வேண்டிய நாளத்தைக் காலிலிருந்து எடுப்பது இளையவர்களின் வேலை. கணுக்காலிலிருந்து மேல்நோக்கித் திறந்து, நீண்ட சிரை ஒன்றைக் கிள்ளாமல், இழுக்காமல், அதிலிருந்து பிரியும் சிறு கிளைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு எடுக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் ஒரு கிளையை நான் சற்றே இழுத்துவிட்டேன். எடுத்து முடித்த சிரைக்குள் திரவத்தைச் செலுத்திச் சோதித்தபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிழிசலிலிருந்து ஊசிமுனை போல நீர் பீறிட்டது. மேலே நின்ற என் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, ஒரே ஒரு தையல் போட்டுச் சரிசெய்துவிட்டு, "சாயங்காலம் முடிச்சு போட்டுக் காட்டு" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை நாற்காலிக் கைப்பிடியில் நூலைக் கட்டி நூறு முடிச்சு போட்டேன். அதன் பிறகு ஓராண்டு காலம் விடுதி அறைக் கட்டிலின் கம்பி முழுக்க என் முடிச்சுகள்தான் தொங்கின. கை பிறவியில் அமைவது என்று பலர் சொல்வார்கள். நான் பயிற்றுவித்தவர்களில் கை நடுங்கியவர்களும் இருந்தார்கள். மணிக்கட்டை எங்கே ஊன்ற வேண்டும் என்று கற்றதும் பெரும்பாலோருக்கு நடுக்கம் நின்றுபோனது. நல்ல கை இருந்தும் விட்டுப்போனவர்கள், பெரும்பாலும், இரவு இரண்டு மணிக்கு ஐசியுவிலிருந்து அழைப்பு வரும்போது எழுந்துபோகப் பிடிக்காதவர்கள்.

கையை யார் வேண்டுமானாலும் பழக்கிக்கொள்ளலாம் என்பதற்கு எங்கள் துறையின் வரலாற்றிலேயே ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பரில், உடல் நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளாலாக் செய்த அறுவை புகழ்பெற்றது. அன்று அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தையல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ் என்ற கருப்பின ஆய்வகத் தொழில்நுட்பர். தச்சரின் மகன், கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தை வங்கி திவாலானதில் இழந்தவர், மருத்துவம் படித்தவர் அல்லர். அந்த அறுவையை ஆய்வகத்தில் நாய்களில் செய்து செய்து முறைப்படுத்தியவர் அவர்தான். பின்னாளில் பெரிய அறுவை மருத்துவர்களாக ஆன பலர் அவரிடம் கைவேலை கற்றார்கள். அவருக்குக் கிடைக்காமல் போன கல்லூரி உங்கள் மகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் சேர்ந்த ஆண்டில் எங்கள் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். இரவு டியூட்டியில் பெண்களுக்கென்று அறை கிடையாது. ஐசியுவின் பண்டக அறையில் சலைன் பெட்டிகளுக்கு நடுவே ஸ்ட்ரெச்சர் போட்டுத் தூங்கியிருக்கிறேன். இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது, பெண்களும் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் ஆண்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை இன்னும் குறைவுதான். நான்கைந்து மணி நேரம் நிற்பது பெண்ணால் முடியும். வயலில் நாற்று நடுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் அந்தச் சந்தேகமே வரக்கூடாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எம்.எஸ்., எம்.சிஎச். படிக்கும் ஆண்டுகள் சரியாக இருபத்து நான்கிலிருந்து முப்பத்திரண்டு வயதுக்குள் விழுகின்றன. கல்யாணப் பேச்சு, பிள்ளைப்பேறு எல்லாம் அதே காலத்தில்தான் வந்து நிற்கும். மகப்பேறு விடுப்பு எடுத்தால் பயிற்சிக்காலம் நீளலாம். அந்த வயதில், "இத்தனை வருடம் படித்தது போதாதா" என்ற கேள்வி முதலில் வீட்டுக்குள்ளிருந்துதான் எழும். அதைக் கேட்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் பேசி வையுங்கள். அவளுடைய படிப்புக்கு நீங்கள் இருவரும் செய்யக்கூடிய தயாரிப்பு அதுதான்.

தமிழ்வழியில் படித்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவள் மனத்தில் அந்தக் கேள்வி இருக்கும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். எம்.பி.பி.எஸ். வகுப்புகளும் தேர்வுகளும் ஆங்கிலத்தில்தான். இதற்காக இப்போது பயிற்றுமொழியை மாற்ற வேண்டாம். மொழியையும் பாடத்தையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்பது பெரும் சுமை. என்னிடம் படித்த ஒரு தமிழ்வழி மாணவன், முதலாம் ஆண்டில் ஒரு நாற்பது பக்க நோட்டில் சொற்களை உடைத்து எழுதி வைத்திருந்தான்: 'கார்டியோ' என்றால் இதயம், 'மயோ' என்றால் தசை, 'பெரி' என்றால் சுற்றி, 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. மயோகார்டைட்டிஸ், பெரிகார்டைட்டிஸ் என்றெல்லாம் நான் வகுப்பில் சொல்லும்போது மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள், அவன் கூட்டிப் படித்தான். ஆங்கிலவழிப் பிள்ளைகள் பிறகு அவனிடம் அந்த நோட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பிலேயே அப்படியொரு நோட்டைத் தொடங்கலாம். உயிரியல் பாடத்தில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் வரும் அயற்சொல்லைத் தவிர்த்துவிட்டுப் போகாமல், தினம் ஐந்து எழுதி வைத்தால் இரண்டு ஆண்டுகளில் அவளிடம் ஒரு சிறு அகராதியே இருக்கும்.

வெளிநாட்டில் மருத்துவம் என்று முகவர்கள் வருவார்கள். அங்கே படிக்கவும் நீட் தகுதி தேவை. திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதி, இங்கேயும் பயிற்சி முடித்தால்தான் தொழில் செய்யலாம். உங்கள் நிலையில் அது தேவையில்லாத கடன். நீட் இல்லாமலே இடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தாத்தாவுக்கு நடந்த அறுவையைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரிந்திருக்கட்டும். காலில் எடுத்த சிரையை இதயத் தமனியில் ஒட்டும் பைபாஸ் முறையை அமெரிக்காவில் ரெனே ஃபவலோரோ 1967-இல் நிலைநிறுத்தினார். எட்டே ஆண்டுகளில், 1975-இல், இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை மருத்துவர் கே.எம். செரியன் செய்தார், செய்த இடம் சென்னை பெரம்பூரில் உள்ள ரயில்வே மருத்துவமனை. அதேபோல, வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த செயற்கை இதய வால்வை, மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னாளில் எம்.சிஎச். படிக்க இடம் தேடும்போது சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றோடு இந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தின் பெயரும் அவள் பட்டியலில் வரும்.

பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் சொல்லி வைத்து, வெட்டாத முழு ஆட்டு இதயம் ஒன்று வாங்கி வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் உடல் திரவங்களும் சுற்றோட்டமும் பற்றிய பாடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, உங்கள் துணி வெட்டும் கத்திரிக்கோல் வேண்டாம், சின்னக் கத்திரிக்கோலால் அவளையே திறக்கச் சொல்லுங்கள். இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிட எவ்வளவு தடிமன் என்று அளந்து எழுதட்டும். ஏன் அப்படி என்று பாடத்தைப் பார்க்காமல் யோசிக்கட்டும். உள்ளே ஈரிதழ் வால்வின் விளிம்புகளை வெள்ளை நூல்கள் தசையோடு பிடித்துக் கட்டியிருக்கும். அந்த நூல்களில் ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு, வால்வின் இதழ் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.